பெர்லின் நொய்கோல்ன், கிராய்ஸ்பெர்க் பக்கம் இருக்கிறவங்க, இருந்தவங்க: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

கோவைக்காரன்

நேரா விஷயத்துக்கு வர்றேன். நொய்கோல்ன்ல சொன்னன் அலேங்கற தெருவுக்குக் குடி வந்து கொஞ்ச நாளாச்சு. அரபுத் தெரு, ஷிஷா கடை, கல்யாண கவுன் கடை, ஹார்ன் அடிச்சுட்டுப் போற கல்யாண கார் வரிசை, இதெல்லாம் இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அத விட்டுடலாம்.

போன ஜூன்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பெல் அடிச்சுது. வயசான அம்மா ஒருத்தங்க, முக்காடு, கையில துணிப்பை. கூட பேரன் வயசுல ஒரு பையன். "பாட்டி பால்கனில இலை பறிக்கணுமாம், விடுவீங்களா"ன்னு ஜெர்மன்ல கேட்டான். எந்த இலைன்னே எனக்குப் புரியல. முற்றத்துல இருந்து ஒரு திராட்சைக் கொடி என் பால்கனி கம்பி வரைக்கும் ஏறியிருக்கு, நான் அத ஒழுங்கா பார்த்ததுகூட இல்ல. அத நட்டதே அந்தம்மாதான். எனக்கு முன்னாடி அந்த வீட்டுல இருந்த லெபனான் குடும்பம். பிள்ளைங்க எல்லாம் அங்கேயே வளந்தவங்க. கணவர் போனதுக்கப்புறம் மகன் வீட்டுக்கு, ஸ்பாண்டவுக்குப் போயிட்டாங்களாம்.

உள்ள வந்தவங்க ஒரு ரூமையும் எட்டிப் பாக்கல. பால்கனிக்குப் போனாங்க, முத்தின இலைய விட்டுட்டு இளசா பாத்துக் கிள்ளினாங்க, வெத்தலை அடுக்குற மாதிரி அடுக்கிக் கட்டினாங்க. பையன்தான் என் கம்ப்யூட்டர் மேசைய பாத்துட்டு "இது சின்ன மாமா ரூம்"னான்.

இதுல என்ன உறுத்தல்னா, வீடு காட்டின ஏஜென்ட் அன்னைக்கு எங்கிட்ட சொன்னது: "ஐ.டி.யா? இந்தியாவா? ரொம்ப நல்லது. இந்தக் கட்டடத்துல பெரிய குடும்பங்களுக்கு இனிமே கொடுக்கறதில்ல." அப்ப அத நான் பாராட்டாத்தான் எடுத்துக்கிட்டேன். அவங்க கொடுத்த வாடகைய விட ரெண்டு மடங்குக்கு மேல நான் கொடுக்கறேன். ஆபீஸ்ல எல்லாரும் "முஸ்லிம்கள் வந்து அந்த ஏரியாவே மாறிப் போச்சு"ங்கறாங்க. இப்ப அத மாத்திட்டிருக்கறது யாரு?

உங்க அனுபவம் சொல்லுங்க.

ஷோனஃபெல்ட் 84

தம்பி, நான் வந்தது 84இல. மொஸ்கோவுக்கால வந்து கிழக்கு ஜெர்மனியின்ர ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில இறங்கி, கிழக்கு பெர்லினுக்கால ரயில் பிடிச்சு பிரீட்ரிஷ்ஸ்ட்ராச ஸ்டேஷன், அங்கயிருந்து மேற்கு பெர்லின். அந்த வழி பழைய ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். மேற்குப் பக்கம் அதை எல்லையெண்டு ஏற்காதபடியால் அங்கால ஒருத்தரும் மறிக்கேல்லை. 85 ஜூலையில கிழக்கு ஜெர்மனி அந்தக் கதவைத் தமிழருக்கு மட்டும் பூட்டினது. லெபனான்காரர், பலஸ்தீனர், ஈரான்காரருக்கு அடுத்த வருஷம் வரைக்கும் திறந்து கிடந்தது. ஆக, நீங்கள் இப்ப அரபுத் தெரு எண்டு சொல்லுறதுக்கு ஆக்கள் வந்த அதே ரயிலிலதான் நாங்களும் வந்தனாங்கள்.

பிரீட்ரிஷ்ஸ்ட்ராசவில கீழயும் மேலயும் மேடைகள், ஒண்டும் விளங்கேல்லை. நான் வந்து நிண்ட ரயிலில ஏறக் காலைத் தூக்கிட்டன். பின்னால இருந்து ஒருத்தர் என்ர கோட்டைப் பிடிச்சு இழுத்தார். அது திரும்பக் கிழக்குக்குப் போற ரயில். அவரின்ர கையில அரபில எழுதின ஒரு துண்டு, மச்சான்காரன் எழுதி அனுப்பினதாம், எந்தப் படி, எந்த மேடை எண்டு. அவருக்கு ஜெர்மன் தெரியாது, எனக்கு அரபு தெரியாது. நித்திரையில கிடந்த தன்ர பிள்ளையை என்ர கையில தந்திட்டு ரெண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு முன்னால நடந்தார். அந்தப் பிள்ளையின்ர பாரம் இப்பவும் என்ர தோளில கிடக்கு.

பிறகு ரெண்டு பேருக்கும் டூல்டுங். திருப்பி அனுப்பாமல் தற்காலிகமா விட்டு வைக்கிற, சில மாசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிற அந்தக் கடதாசி. வேலை செய்யத் தடை. வேலை செய்யவும் விடாமல் "சும்மா இருக்கினம்" எண்டு கதைச்ச ஆக்களை நான் மறக்கேல்லை. பிறகு அவர் சொன்னன் அலேயில மரக்கறிக் கடை போட்டார்.

"முஸ்லிம்கள் வந்து மாத்தினவை" எண்டு உங்கட ஒபிசில சொல்லுறவைக்கு இதையும் சொல்லுங்கோ. 61 ஆகஸ்டில சுவர் வந்தது. கிழக்கிலயிருந்து வேலைக்கு வந்த ஆக்கள் நிண்டு போச்சினம். அதே வருஷம் அக்டோபர் 30இல துருக்கியோட ஆள் எடுக்கிற ஒப்பந்தம். கிராய்ஸ்பெர்க் அப்ப மூண்டு பக்கமும் சுவர் வளைச்ச ஒரு மூலை. பழைய வீடுகளை இடிச்சுப்போட்டு அகலப்பாதை போடுற திட்டம் இருந்தது. இடிக்கிற வரைக்கும் இருக்கட்டும் எண்டு அந்த வீடுகளைத் துருக்கி ஆக்களுக்கு வாடகைக்கு விட்டவை. கக்கூஸ் படிக்கட்டில, சூடாக்க நிலக்கரி அடுப்பு. வேற ஒருத்தரும் எடுக்காத வீடு. பிறகு 75இல கிராய்ஸ்பெர்க், டியர்கார்ட்டன், வெட்டிங் மூண்டிலயும் வெளிநாட்டவர் புதுசாக் குடியேறக்கூடாது எண்டு பாஸ்போட்டில முத்திரை குத்தினவை. அதுக்குப் பிறகுதான் கன ஆக்கள் நொய்கோல்ன் பக்கம் தள்ளுப்பட்டது. தாங்களாய்த் தெரிவு செஞ்ச இடம்போல கதைக்கக்கூடாது.

காவிரிக்கரை

இந்த இழை எப்படிப் போகும்னு முதல் பதிவிலேயே தெரிஞ்சுபோச்சு. திராட்சை இலை, தோளில் குழந்தை. நான் வேற பக்கம் சொல்றேன், திட்டுங்க பரவாயில்ல.

2022 டிசம்பர் 31 ராத்திரி. நானும் என் மனைவியும் ஹெர்மன்பிளாட்ஸ்ல ஏறி வந்தோம். மெட்ரோ படிக்கட்டுக்குள்ளேயே ராக்கெட் விடுறாங்க, மேல வானத்துக்கு இல்ல, ஆள் மேல. தெரு முனைல ஒரு தீயணைப்பு வண்டி. ஹெல்மெட் கண்ணாடிய கீழ இறக்கிட்டு ஒரு வீரர் கைய ரெண்டையும் தூக்கிக் காட்டிட்டு நின்னார், "நாங்க உதவிக்கு வந்திருக்கோம்"ங்கற மாதிரி. அவர் காலடிலேயே ஒண்ணு வெடிச்சுது. பதினாலு பதினஞ்சு வயசுப் பசங்க, சிரிச்சுட்டிருந்தாங்க. அதே ராத்திரிதான் சொன்னன் அலேல ஒரு பஸ் முழுசா எரிஞ்சுது, நியூஸ்ல எல்லாரும் பாத்திருப்பீங்க. அடுத்த வருஷம் அக்டோபர் 7, ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கின அன்னைக்கு இதே தெருவுல ஒரு அமைப்பு இனிப்பு கொடுத்துக் கொண்டாடிச்சு. அடுத்த மாசமே அரசு அந்த அமைப்பத் தடை செஞ்சுது.

இதைச் சொன்னா உடனே இனவெறின்னு முத்திரை. 2001லிருந்து 2015 வரைக்கும் நொய்கோல்ன் மேயரா இருந்த புஷ்கோவ்ஸ்கி சோஷியல் டெமாக்ரட் கட்சிக்காரர்தான், வலதுசாரி இல்ல. அவரே 2004ல "மல்டிகுல்டி தோத்துப்போச்சு"ன்னு, அதாவது பல பண்பாட்டுக்காரங்க சேர்ந்து வாழற கொள்கை தோத்துப்போச்சுன்னு சொன்னவர். ஷோனஃபெல்ட் அண்ணா சொன்ன வரலாறு சரியாவே இருக்கட்டும். ஆனா 75ல குத்தின முத்திரைக்காக 2022ல ஒரு பையன் ஆம்புலன்ஸ் மேல ராக்கெட் விடறான்னு எங்கிட்ட சொல்லாதீங்க. எதுக்கும் யாரும் பொறுப்பில்ல, எல்லாத்துக்கும் வரலாறுதான் பொறுப்புன்னா அப்புறம் யாரத்தான் கேள்வி கேக்கறது? நாமளும் வெளியூர்லேருந்து வந்தவங்கதானே, நாம இப்படியா பண்றோம்? 2005ல ஹாத்தூன் ச்யுருஜ்யுங்கற துருக்கி குர்துக் குடும்பத்துப் பொண்ண, குடும்ப மானம்னு சொந்தத் தம்பியே பஸ் ஸ்டாப்புல சுட்டான். அவ பேர்ல இப்ப நொய்கோல்ன்ல ஒரு பாலமே இருக்கு. அதப் பத்தி யாரும் இங்க எழுத மாட்டேங்கறீங்க.

பிரிட்ஸ் பொண்ணு

காவிரிக்கரை அண்ணா, "நாமளும்" எண்டு நீங்கள் சொல்லுற "நாம" தெருவில எப்பவும் செல்லாது.

நான் இங்க பிறந்தவள், அப்பா யாழ்ப்பாணம். மயூரபதி முருகன் கோயில் இருக்கிற பிரிட்ஸிலதான் எங்கட வீடு, அதுவும் நொய்கோல்ன்தான். 2012 ஏப்ரல்ல புராக் பெக்தாஷ் எண்ட 22 வயசுத் துருக்கிக் குடும்பத்துப் பெடியனை, சினேகிதரோட தெருவோரம் நிண்டு கதைச்சுக்கொண்டு இருக்கேக்க ஒரு ஆள் நடந்து வந்து, ஒண்டும் பேசாமல் சுட்டுப்போட்டுப் போனவர். இண்டு வரைக்கும் ஆளைப் பிடிக்கேல்லை. அப்ப என்ர தம்பி பள்ளிக்கூடம். பின்னேரம் காற்பந்து முடிஞ்சு கூட்டாளிகளோட அதே மாதிரித்தான் தெருவில நிப்பான். அப்பா அண்டைக்கு இரவு சாப்பாட்டு மேசையில அவனிட்டச் சொன்னார்: "வெளியில நிக்காதை. உன்ர முகத்தில தமிழன் எண்டு எழுதியிருக்கேல்லை."

அம்மா சோறு போட்ட கையோட அப்பிடியே நிண்டா. தம்பி சிரிச்சான். நான் இண்டைக்கும் அந்த வசனத்தை என்ன செய்யிறது எண்டு தெரியாமல் வைச்சிருக்கிறன். அப்பா பயத்தில சொன்னதுதான். ஆனா அதுக்குள்ள "நாங்கள் அவையள் இல்லை" எண்டதும் இருக்கு.

ஹாத்தூன் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை எண்டீங்கள். என்ர வகுப்பில இருந்த துருக்கிப் பெட்டையள் அந்தக் கொலை பற்றிக் கதைச்ச அளவு வேற ஒருத்தரும் கதைச்சதில்லை. உங்களுக்குக் கேட்டிருக்காது. அதில ஒருத்தி முக்காடு போடுறவள், கணக்கு ரீச்சரா வர ஆசை. பெர்லினில 2005இல வந்த நடுநிலைச் சட்டம் சாதாரணப் பள்ளிக்கூடத்தில முக்காட்டோட படிப்பிக்க அப்ப விடேல்லை, தொழிற்கல்விப் பள்ளியில விட்டது. அவள் அங்க போனாள். 2020இல மத்தியத் தொழில் நீதிமன்றம் வேற ஒரு ஆசிரியையின்ர வழக்கில அந்தத் தடை அப்பிடிப் பொதுப்படையா செல்லாது எண்டு தீர்ப்புச் சொன்னபிறகும் அவள் இடம் மாறேல்லை. "பதினேழு வயசுப் பெடியள்தான் எனக்குச் சரி" எண்டாள். நீங்கள் சொன்ன ராக்கெட் விடுற பெடியளுக்கு இவள்தான் கணக்குப் படிப்பிக்கிறது.

கீழக்கரை

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் "முஸ்லிம்கள்", "முஸ்லிம்கள்"னு எழுதுறீங்க, ஒரு முஸ்லிமும் எழுதக் காணோமேன்னு வந்தேன்.

நான் கிராய்ஸ்பெர்க் வந்த புதுசு. வேலை முடியற நேரம் மஃரிப், அந்தித் தொழுகை நேரம் வந்துடுச்சு. பின்முற்றத்துல, முன்னாடி பட்டறையா இருந்த ஒரு தளத்துல துருக்கிக்காரங்க பள்ளிவாசல். இங்க பழைய பள்ளிகள் பாதி அப்படித்தான், தெருவுல இருந்து பார்த்தா தெரியாது. போய் ஜமாஅத்துல சேர்ந்தேன். இமாம் ஃபாத்திஹா ஓதி முடிச்சதும் நான் வழக்கம்போல சத்தமா "ஆமீன்"னேன். பள்ளி முழுக்க என் ஒரு குரல் மட்டும்தான். தொழுகை முறைல நாங்க ஷாஃபி வழி, அவங்க ஹனஃபி வழி. அவங்க மனசுக்குள்ளதான் சொல்வாங்க. கீழக்கரைல அந்த நேரம் கூரையே அதிரும். முன் வரிசைல ஒரு சின்னப் பையன் தொழுகையிலேயே திரும்பிப் பார்த்தான்.

முடிஞ்சதும் ஒரு பெரியவர் வந்தார். "நீ அரபா?" இல்ல, இந்தியா. முகம் மலர்ந்துடுச்சு. டீ வாங்கிக் கொடுத்து உக்கார வெச்சு ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார்ங்கறதுதான் விஷயம். "இந்த அரபுக்காரனுங்க வந்து நொய்கோல்னே கெட்டுப் போச்சு. நாங்க வந்தப்ப இப்படியா இருந்தது? நாங்க உழைச்சோம்." காவிரிக்கரை சார், உங்க பதிவைப் படிக்கும்போது அவர் குரல்லயே கேட்டுது.

லெபனான்காரர்கிட்ட போனா 2015க்கு அப்புறம் வந்த சிரியாக்காரங்களச் சொல்வார், கடை வாடகைய ஏத்தி விட்டுட்டாங்கன்னு. சிரியாக்காரர் லெபனான்காரர் போடற ஃபலாஃபலச் சொல்வார். குர்து நண்பர் துருக்கிப் பள்ளிக்கே வரமாட்டார். வில்மர்ஸ்டார்ஃப்ல 1920கள்ல கட்டின பள்ளிதான் இந்த நாட்டுலயே நிக்கிறதுல பழசு, அது அஹ்மதியாக்களுது, மத்த முஸ்லிம்கள்ல பெரும்பாலானவங்க ஏத்துக்காத பிரிவு, அங்க போனேன்னு சொன்னா இவங்க யாருமே பேசமாட்டாங்க. இந்தக் கூட்டத்துல எனக்கு எந்த இடம்னு இன்னும் தெரியல. நோன்புக் கஞ்சி வீட்டுலதான்.

எரிஞ்ச பஸ் பத்திச் சொன்னதுக்கு ஒண்ணு. கோர்லிட்ஸர் ஸ்டேஷன் எதிர்ல இருக்கிற பெரிய பள்ளிவாசல், 2010ல திறந்தது. அந்த இடத்துல முன்னாடி இருந்தது ஒரு சூப்பர் மார்க்கெட். 1987 மே 1 ராத்திரி, இடதுசாரிக் கூட்டமும் போலீஸும் மோதினப்ப, கொள்ளையடிச்சு எரிஞ்சு போச்சு. இந்தத் தெருக்கள்ல முதல்ல தீ மூட்டினது யாருன்னு கணக்கெடுக்க ஆரம்பிச்சா ரொம்பத் தூரம் போகணும். ராக்கெட் விட்ட பசங்கள நான் காப்பாத்த வரல. என் மனைவியும் அன்னைக்கு ராத்திரி ஜன்னல் பக்கம் போகவே இல்ல.

இரவுப்பணி

நான் நர்ஸ், ஊரு நாகர்கோவில். சின்னதா சொல்லிட்டுப் போறேன், டூட்டிக்கு நேரமாச்சு.

முதியோர் பராமரிப்புல ஒரு துருக்கி அம்மா. அறுபதுகள்ல தனியா வந்து ரேடியோ ஃபேக்டரில வேலை பார்த்தவங்க, கணவர் பிறகுதான் வந்தாராம். மறதி நோய் வந்து ஜெர்மன் முழுசா போயிட்டு, துருக்கி மட்டும் மிச்சம். ஆனா ராத்திரி முழுக்க போர்வை மேல ரெண்டு கையும் வேலை செய்யும். இடது கை எதையோ பிடிக்கும், வலது கை விரல் நுனியால திருகும், நகர்த்தி வைக்கும், அடுத்தது. நான் முதல்ல வலிப்புன்னு நினைச்சு டாக்டரக் கூப்பிட்டேன். மகதான் சொன்னா, அது அசெம்ப்ளி லைன்.

இறந்தப்போ மகனுக்கும் மகளுக்கும் வராந்தாவுல சண்டை. மகன் ஊருக்கு விமானத்துல அனுப்பணும்னான். 2010 கடைசில சட்டம் மாறினதுல இருந்து பெர்லின்லேயே பெட்டி இல்லாம கஃபன் துணியோட அடக்கலாம். அதனால மக விடல. "நீ வருஷத்துக்கு ஒருதடவை ஃப்ளைட்ல போய் அழுவ, நான் வாரா வாரம் பஸ்ல போவேன்"ன்னா. யார் ஜெயிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது, ஷிஃப்ட் முடிஞ்சு போச்சு.

மூணாவது மாடி

என் அனுபவம் பெருசா ஒண்ணுமில்ல. மேபாக் உஃபர் துருக்கிச் சந்தைல ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பெட்டி மாம்பழம் ஒரு யூரோன்னு தலைல கட்டிட்டாங்க, பாதி அழுகல், ஆனா அந்த ஆள் கூவின விதத்துக்கே காசு கொடுக்கலாம். அவ்வளவுதான்.

கோவைக்காரன் தம்பிக்கு ஒரு விஷயம். யாரும் கவனிக்கல. முந்தின வாடகைய விட ரெண்டு மடங்குக்கு மேலன்னு போட்டிருக்கீங்க. பெர்லின்ல 2015 ஜூன்லேருந்து வாடகைக் கட்டுப்பாடு இருக்கு. புதுசா வாடகைக்கு விடும்போது அந்தப் பகுதியோட ஒப்பீட்டு வாடகைய விட பத்து சதவீதம்தான் கூட இருக்கலாம். அந்த ஒப்பீட்டு வாடகைய நகராட்சி வெளியிடற மீட்ஸ்பீகல் அட்டவணைல பார்க்கலாம். கட்டடம் கட்டின வருஷம், சதுர மீட்டர், தெரு, குளியலறை வசதி எல்லாம் போட்டா வந்துடும். விதிவிலக்கும் உண்டு. 2014 அக்டோபருக்கு அப்புறம் முதல்தடவை குடிவந்த புதுக் கட்டடம், முழுசா புதுப்பிச்ச பிறகு முதல்ல விடற வீடு, இதுக்கெல்லாம் பொருந்தாது. முந்தைய குடித்தனக்காரர் வாடகையே அதிகமா இருந்தாலும் அது தொடரலாம். உங்க விஷயத்துல அது இல்ல. ஃபர்னிச்சர் போட்டு விட்டாங்களா? அப்படின்னா அதுக்குன்னு ஏத்தி விடுவாங்க, ஒப்பந்தத்தப் பாருங்க.

அதிகமா வாங்கறாங்கன்னு தெரிஞ்சா எழுத்துல ஆட்சேபம் அனுப்பணும். குடிவந்து முப்பது மாசத்துக்குள்ள அனுப்பினா ஆரம்பத்துல இருந்து கொடுத்த கூடுதல் தொகையத் திரும்பக் கேக்கலாம், தள்ளிப் போட்டா அனுப்பின தேதிலேருந்து மட்டும்தான். அதனால நாள் கடத்தாதீங்க. வாடகைதாரர் சங்கத்துல சேருங்க, வருஷ சந்தாதான், வக்கீல் ஆலோசனை அதுலயே வரும். ஆனா வழக்குச் செலவுக் காப்பீட்டுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அதனால சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சேரணும். ஏஜென்ட்கிட்ட ஃபோன்ல பேசாதீங்க, எல்லாம் கடிதம். பழைய வாடகை எவ்வளவுன்னு அந்த லெபனான் குடும்பம் ரசீது வெச்சிருந்தா ஒரு நகல் கேளுங்க, நல்ல சாட்சி. 2020ல கொண்டுவந்த வாடகை உறைவுச் சட்டத்த 2021 ஏப்ரல்ல அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செஞ்சுட்டது, அத நம்பி யாராவது பேசினா காதுல வாங்காதீங்க.

இந்த விஷயத்துல கொட்புஸ்ஸர் டோர் துருக்கிப் பாட்டிங்களக் கேட்டா இன்னும் நல்லா சொல்வாங்க. 2012ல வாடகை ஏத்தினதுக்கு எதிரா சதுக்கத்துலயே குடிசை போட்டு உக்காந்தவங்க அவங்கதான். கூடவே தாடி வெச்ச ஜெர்மன் மாணவர்களும்.

கோவைக்காரன்

நன்றி அண்ணா, நான் கேட்டது இது இல்ல, ஆனாலும் அட்டவணைய பாத்துட்டேன். தலை சுத்துது.

காவிரிக்கரை

ஷோனஃபெல்ட் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. நேர்மையா பதில் சொல்லுங்க. நீங்க இன்னும் அங்கதான் குடியிருக்கீங்களா?

ஷோனஃபெல்ட் 84

இல்லை. மகள் பள்ளிக்கூடம் போற வயசு வர நகர ஓரத்தில ருடோவ் பக்கம் மாறினனாங்கள். வாடகையாலயோ தெருவாலயோ இல்லை, பள்ளிக்கூடத்தால. நொய்கோல்னில ரூட்லி பள்ளிக்கூட ஆசிரியர்கள் "எங்களால ஏலாது" எண்டு எழுதின கடிதம் 2006இலதான் பேப்பரில வந்தது. அங்க இருந்த எங்களுக்கு அது வர முதலே தெரியும். இப்ப அந்தப் பள்ளிக்கூடம் நல்லாத் திருந்தியிட்டுது எண்டு சொல்லீனம்.

காவிரிக்கரை

அதத்தானே நானும் சொல்றேன்.

ஷோனஃபெல்ட் 84

நீங்கள் சொல்லுறது அது இல்லை. மரக்கறிக்கடைக்காரரும் அதே கோடை தன்ர பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ருடோவுக்கு வந்தவர். எங்களுக்கு வீடு இருக்கெண்டு சொன்னதே அவர்தான். கடையை மட்டும் சொன்னன் அலேயில வைச்சிருந்தவர்.